கூஸ் வாத்து கோழி இல்லீங்க

போன மாதக் கூட்டத்தில் ஒரு தம்பி எழுந்து, "எங்க கூஸ் வாத்தெல்லாம் ரெக்கை கொட்டிப்போச்சு, ஏதோ நோய் வந்துடுச்சு, என்ன மருந்து குடுக்கலாம்?" என்று கேட்டார். ஐந்து நிமிடத்தில் ஆளுக்கொரு மருந்து சொன்னோம். மஞ்சள், வேப்பிலை, பூண்டு, கீழாநெல்லி எல்லாம் வந்தது. ஒருவர் பஞ்சகவ்யம் என்றார். முட்டையிட்டு முடித்து எத்தனை நாள் ஆச்சு என்று ஒருவரும் கேட்கவில்லை. நானும்தான் கேட்கவில்லை. பேருந்தில் திரும்பும்போதுதான் உறைத்தது. அது நோயே இல்லை, ஆண்டுக்கொரு முறை நடக்கும் இறகு உதிர்ப்பு.

ரசாயனத்தை விட்டுவிட்டோம், சரி. கேட்டவுடன் மருந்து சொல்லும் பழக்கத்தை விட்டோமா? என் சந்தேகம் அதுதான்.

33 ஆண்டு வங்கியில் இருந்தேன். கோழிப்பண்ணைக் கடன் விண்ணப்பங்கள் எத்தனையோ என் மேசைக்கு வந்தன. தீவனச் செலவு, மருந்துச் செலவு என்று இரண்டு வரி கட்டாயம் இருக்கும். புல் என்று ஒரு வரி இருக்காது. அந்தக் கண்ணோடுதான் நானும் கூஸ் வளர்க்க வந்தேன்.

2018 நவம்பரில் கஜா புயல் பட்டுக்கோட்டைப் பக்கம் தென்னைகளைச் சாய்த்தபோது என் தோப்பில் பாதிக்கு மேல் போய்விட்டது. நிழல் போனதும் தரையெல்லாம் புல் மண்டியது. ஆள் விட்டு மாளவில்லை. அதற்காகத்தான் கூஸ் வாங்கினேன். பாம்பு அண்டாது என்றும் சொல்லித்தான் விற்றார்கள். பாம்பு வருது, வந்தா கத்திச் சொல்லிடுது, அவ்வளவுதான். புல் விஷயத்தில் ஏமாற்றம் இல்லை. ஆனால் முற்றிய புல்லை அது விரும்பாது. ஒருமுறை அறுத்துவிட்டுத் துளிர்க்கும்போது விடவேண்டும். இளங்கன்றுகளுக்கு முள் கட்டிவிடுங்கள், குருத்தைக் கடித்துவிடும்.

முதல் ஈடு 12 குஞ்சு. தோப்பு நிறையப் புல் இருக்க, குஞ்சுதானே என்று கூண்டில் அடைத்துக் குருணையும் சோறும் போட்டேன். மூன்றாம் வாரம் கால் வளைந்து, நிற்க முடியாமல் தவழ ஆரம்பித்தன. நான்கு செத்தன. நயாசின் என்கிற பி வகை உயிர்ச்சத்துக் குறைவு. நீர்ப்பறவைக் குஞ்சுக்கு அது கோழிக்குஞ்சைவிட அதிகம் வேண்டும். பட்டை தீட்டிய அரிசியில் அது தவிட்டோடு போய்விடுகிறது. தவிட்டை மாட்டுக்கு வைத்துவிட்டு வெறும் மாவுச்சத்தைக் குஞ்சுக்குப் போட்டிருக்கிறேன்! இப்போது தவிடு சேர்க்கிறேன், கொஞ்சம் ஈஸ்ட் கலக்கிறேன், முதல் வாரத்திலேயே வெயில் ஏறியதும் இளம்புல்லில் விடுகிறேன். அதற்காகக் கொழுத்த தீவனத்தைக் கொட்டினாலும் ஆபத்துதான். உடம்பு வேகமாய் வளர்ந்து, இறக்கை நுனி வெளிப்பக்கம் திரும்பிக்கொள்ளும்.

கடலைப் பிண்ணாக்கு பற்றி ஒரு வார்த்தை. 1960இல் இங்கிலாந்தில் ஒரு லட்சத்துக்கும் மேல் வான்கோழிகள் செத்தன. காரணம் தேடிப்போனபோது பிரேசிலிலிருந்து வந்த பூஞ்சை பிடித்த கடலைப் பிண்ணாக்கில் போய் நின்றது. அஃப்ளடாக்சின் என்ற நஞ்சு அப்படித்தான் தெரியவந்தது. வாத்து இனம் அதற்குச் சீக்கிரம் விழும். நம் செக்கில் ஆட்டியதாகவே இருக்கட்டும், பூஞ்சை வாடை வந்தால் குப்பைக்குழிக்குத்தான். வெயிலில் காயவைத்தால் நஞ்சு போகாதுங்க.

இனி இறகு உதிர்ப்பு. முட்டைப் பருவம் முடிந்த பிறகு வரும். இறகு கிட்டத்தட்ட முழுக்கப் புரதம். பழைய சட்டையைக் கழற்றிப் புதிதாய் நெய்துகொள்ளும் அந்தச் சில வாரம் பறவைக்குப் புரதம் கூடுதலாக வேண்டும். நாமோ முட்டை நின்றுவிட்டதே என்று தீவனத்தைக் குறைக்கிறோம்! அசோலா போடுகிறேனே என்பார்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு கிலோ ஈர அசோலாவில் தொண்ணூறு விழுக்காட்டுக்கு மேல் தண்ணீர். அதில் தேறும் புரதம் சுமார் 12, 15 கிராம்தான். நல்ல பொருள்தான், அதை மட்டும் நம்பினால் போதாது. நான் முளைகட்டிய பச்சைப்பயறும் கொஞ்சம் உப்பில்லாக் கருவாட்டுத் தூளும் சேர்க்கிறேன். புது இறகின் தண்டில் இரத்தம் ஓடும், அதனால் இறக்கையைப் பிடித்துத் தூக்காதீர்கள். தலை முழுக்க முங்கும் ஆழத்துக்குத் தண்ணீர் வையுங்கள். கண்ணும் மூக்கும் கழுவிக்கொள்ளும். குளிக்கிற பறவையிடம் பேனும் குறைவு.

எனக்குப் பெரிய அடி புழுவால்தான். இரண்டாம் ஈட்டில் குஞ்சுகள் ஐந்தாறு வாரத்தில் மெலிந்தன. தின்னும், ஆனால் உடம்பு ஏறாது. வேப்பிலையும் பூண்டும் அரைத்துப் பத்து நாள் கொடுத்தேன். இயற்கை விவசாயி என்ற வீம்பு. ஒன்பது குஞ்சில் ஆறு போனது. கடைசியாய்ச் செத்ததைத் தூக்கிக்கொண்டு அரசு கால்நடை மருந்தகத்துக்குப் போனேன். மருத்துவர் அம்மா அரைவைப்பையை, கறிக்கடையில் மாங்காய் என்போமே அதை, அறுத்துக் காட்டினார். உள்தோல் கறுத்து உரிந்து கிடந்தது. அடியில் நூல் நூலாய்ப் புழு. "சார், பத்து நாள் முன்னாடி எச்சத்தைக் கொண்டுவந்திருந்தா முட்டையைப் பார்த்தே சொல்லியிருப்பேனே" என்றார். பதில் சொல்ல வாய் வரவில்லை.

அந்தப் புழுவுக்கு நத்தையோ வேறு பூச்சியோ இடையில் தேவையில்லை. எச்சத்தில் முட்டை விழும், ஈரத்தில் பொரிக்கும், புல்லோடு அடுத்த பறவைக்குள் போகும். பெரிய பறவைகள் தாங்கிக்கொண்டு நன்றாகவே திரியும். தரையில் விதைப்பது அவைதான். நான் குஞ்சுகளைத் தாய்களோடு ஒரே மூலையில் மேயவிட்டிருந்தேன். இப்போது தோப்பை வலை கட்டி ஐந்தாகப் பிரித்து வாரம் ஒன்றாக மாற்றுகிறேன். குஞ்சுக்குத் தனி இடம், அந்தப் பருவத்தில் பெரியவை கால் வைக்காத இடம். கோடையில் நான்கு வார ஓய்வும் வெயிலும் சேர்ந்து வேலை செய்கிறது. ஐப்பசி, கார்த்திகை ஈரத்தில் அது போதாது. அப்போது எச்சத்தைச் சோதிப்பதைத் தவிர வழி தெரியவில்லை.

சோதனையில் புழு அதிகம் என்று வந்தால் பென்பெண்டசோல் கொடுங்கள் என்பேன், மருத்துவர் சொல்லும் அளவில். எத்தனை நாள் முட்டையை விற்கக் கூடாது என்று கேட்டு எழுதிவைத்துக்கொள்ளுங்கள். இந்த இதழில் இப்படி எழுதுவதற்குச் சிலர் கோபித்துக்கொள்ளலாம். மாதாமாதம் கண்ணை மூடிக்கொண்டு குடற்புழு மருந்து ஊற்றுவதை நானும் எதிர்க்கிறேன், புழுவே அதற்குப் பழகிவிடும். ஆனால் சோதிக்காமல் பூண்டு அரைத்துக்கொண்டிருந்ததில் செத்தது என் குஞ்சுகள்.

அடுத்த கூட்டத்துக்கு வரும்போது அன்று காலை விழுந்த எச்சத்தை மூடி போட்ட டப்பாவில் கொண்டுவாருங்கள், பெயரும் பறவையின் வயதும் ஒட்டி. மதியத்துக்குள் மருந்தகத்தில் சேர்க்கும் வேலை என்னுடையது.