புயலுக்கு மார்க் போடுகிறவர்கள்

புயல் வலுவிழந்துவிட்டது என்று செய்தி வந்ததும் 'ச்சே' என்று உச்சுக்கொட்டுகிற ஆட்களை உங்களுக்குத் தெரியுமா? எனக்கு நாலைந்து பேரைத் தெரியும். எல்லாரும் நல்லவர்கள்தான். ஒழுங்காக வேலைக்குப் போகிறவர்கள், பிள்ளை குட்டிக்காரர்கள். ஆனால் பசிபிக்கிலோ அட்லாண்டிக்கிலோ ஒரு சுழி கிளம்பிவிட்டால் போதும், கிரிக்கெட் ஸ்கோர் பார்க்கிற மாதிரி கைபேசியும் கையுமாகத் திரிவார்கள். ஜப்பான்காரனின் ஹிமாவரி செயற்கைக்கோள் பத்து நிமிடத்துக்கு ஒரு படம் அனுப்புகிறது, இவர்களுக்கு வசதியாகப் போயிற்று. "சார், கண்ணு என்ன அழகா ஃபார்ம் ஆயிருக்கு பாருங்க", "920 மில்லிபாருக்கு இறங்கிடும்னு நினைக்கிறேன்". அந்தக் கண்ணுக்குக் கீழே ஏதாவது ஊர் இருக்கிறதா என்று கேட்டால் மட்டும் மேப்பைத் தேடுவார்கள்.

இந்தப் பொழுதுபோக்கு அமெரிக்காவில் ரொம்பப் பழசு. அங்கே இதற்கென்று தனி பாஷையே உண்டு. கரையைத் தொடாமல் நடுக்கடலிலேயே திரும்பிப் போய்விடும் புயலுக்கு 'மீன் புயல்' என்று பெயர். மீன்களுக்கு மட்டும்தான் தொல்லை, நமக்கு சுவாரசியமில்லை என்று அர்த்தம். எதிர்பார்த்த அளவுக்கு அடிக்காத புயலுக்கு அவர்கள் ஒரு சொல் வைத்திருக்கிறார்கள், நம்ம 'புஸ்வாணம்' அதற்குக் கச்சிதமாகப் பொருந்தும். புயல் வரவேண்டும் என்ற சொந்த ஆசையையே முன்னறிவிப்பாக எடுத்துவிடுகிறவனைக் கேலி செய்யவும் ஒரு வார்த்தை உண்டு. ஆக, நோய் இருப்பது நோயாளிக்கே தெரியும்.

ஆசைப்படுவதால் புயல் வந்துவிடப் போவதில்லை. அதனால் அதைப் பற்றி எனக்குப் பெரிய புகார் இல்லை. என் சண்டை வேறு. இவர்கள் புயலுக்கு மார்க் போடுகிறார்கள், அந்த மார்க்கை ஊரெல்லாம் நம்புகிறது, அது தப்பான பாடத்தில் போட்ட மார்க்.

நான் படித்தது பி.காம். வானிலை எனக்குப் பாடமில்லை. ஆனால் ஒரு எண்ணைக் காட்டினால் அது எதை அளக்கிறது, எதை அளக்கவில்லை என்று கேட்பதுதான் என் பிழைப்பு. 'கேட்டகரி 5' என்கிறார்களே, அது எதை அளக்கிறது? ஹெர்பர்ட் சஃபிர் என்ற கட்டடப் பொறியாளரும், அமெரிக்க தேசிய ஹரிக்கேன் மையத்தின் தலைவராக இருந்த ராபர்ட் சிம்ப்சனும் 1970களின் தொடக்கத்தில் கொண்டுவந்த அளவுகோல் அது. முதலில் காற்றழுத்தம், கடல் எவ்வளவு உயரம் ஏறும் என்பதெல்லாம்கூட அதில் ஒட்டிக்கொண்டிருந்தன. ஒத்துவரவில்லை என்று 2010-ல் கழற்றிவிட்டார்கள். இப்போது அது சுத்தமாகக் காற்றின் வேகம் மட்டும். மணிக்கு 252 கிலோமீட்டரும் அதற்கு மேலும் என்றால் 5. நம்ம வானிலைத் துறையின் படிக்கட்டும் அப்படித்தான்: 62 கிலோமீட்டரில் புயல், 222-ல் சூப்பர் புயல். எத்தனை சென்டிமீட்டர் மழை கொட்டும் என்பதற்கு இந்தப் படிகளில் இடமே கிடையாது.

இதை வைத்துக்கொண்டு இரண்டு புயல்களைப் பாருங்கள்.

2015 அக்டோபரில் மெக்சிகோவுக்குப் பக்கத்தில் பட்ரீசியா. காற்று மணிக்கு 345 கிலோமீட்டர், அழுத்தம் 872 மில்லிபார். பூமியின் அந்தப் பாதியில் அதுவரை அப்படி ஒன்றை அளந்ததே இல்லை. நம்ம ரசிகர்கள் இன்றைக்கும் அதன் படத்தை சாமி படம் மாதிரி வைத்திருக்கிறார்கள். அது ஜன நெருக்கம் இல்லாத ஒரு கரையில் ஏறி, மலையில் மோதி உடைந்து போனது. செத்தவர்கள் இருபதைத் தொடவில்லை.

2023 செப்டம்பரில் மத்தியதரைக் கடலில் டேனியல். லிபியாவுக்கு வந்தபோது காற்று மணிக்கு 70, 80 கிலோமீட்டர், அவ்வளவுதான். நம்ம கணக்கில் வெறும் 'புயல்', அடைமொழிகூடக் கிடையாது. அல் பைதா என்ற ஊரில் ஒரே நாளில் 414 மில்லிமீட்டர் மழை. அது பாலைவனத்தை ஒட்டிய பூமி. டெர்னா நகரத்துக்கு மேலே ஆற்றுப் பள்ளத்தில் 1970களில் கட்டிய இரண்டு அணைகள். ராத்திரியோடு ராத்திரியாக இரண்டும் உடைந்து நகரத்தின் நடுவில் இருந்த தெருக்கள் கடலுக்குப் போய்விட்டன. பல ஆயிரம் பேர். சரியான எண்ணிக்கை இன்றுவரை முடிவாகவில்லை. அந்த அணைகளுக்குப் பராமரிப்பு அவசரம் என்று அந்த நாட்டுப் பல்கலைக்கழகத்து ஆய்வாளர் ஒருவர் முந்தைய வருடமே கட்டுரை எழுதியிருந்தார்.

டேனியல் வந்த வாரம் நம்ம ஆட்கள் எதைப் பற்றிப் பேசினார்கள் தெரியுமா? மத்தியதரைக் கடலில் வெப்பமண்டலப் புயல் மாதிரி ஒன்று உருவாவது எவ்வளவு அபூர்வம், அதற்குக் கண் வந்ததா வரவில்லையா என்று. அணை இருப்பது யாருக்கும் தெரியாது. படத்தில் அணை தெரியாதே!

இது ஏதோ ஒரு விதிவிலக்கு என்று சொல்லாதீர்கள். நியூ ஆர்லியன்ஸை 2005-ல் மூழ்கடித்த கட்ரீனா நடுக்கடலில் 5, கரையேறும்போது 3. 'அப்பாடா, குறைந்துவிட்டது' என்று மூச்சு விட்டவர்கள் உண்டு. அது கடலில் தள்ளிவிட்டிருந்த தண்ணீர் குறையவில்லை. கரைச்சுவர்கள் உடைந்து ஊரில் நூற்றுக்கு எண்பது பங்கு தண்ணீரில். 2017-ல் ஹார்வி டெக்சாஸில் 4 ஆகக் கரையேறியது, டிவிக்காரர்கள் மழைக்கோட்டு போட்டுக்கொண்டு காற்றில் சாய்ந்து நின்றார்கள். மறுநாளே அது ஹரிக்கேன் பட்டத்தை இழந்தது. அதற்கப்புறம்தான் நகராமல் உட்கார்ந்துகொண்டு ஹூஸ்டன் பக்கம் கொட்டித் தீர்த்தது. நெதர்லாண்ட் என்ற ஊரில் (ஐரோப்பாவில் இல்லை, டெக்சாஸில்தான்) மொத்தம் 1,539 மில்லிமீட்டர்.

அமெரிக்க தேசிய ஹரிக்கேன் மையத்தின் எட்வர்ட் ரப்பபோர்ட் 1963 முதல் 2012 வரை ஐம்பது வருடக் கணக்கை எடுத்துப் பார்த்தார். அட்லாண்டிக் புயல்களால் அங்கே நேரடியாக இறந்தவர்களில் பத்துக்கு ஒன்பது பேர் தண்ணீரால் போனவர்கள். பாதிப்பேரைக் கொன்றது புயல் தள்ளிக்கொண்டு வந்த கடல், கால்வாசிப் பேரைக் கொன்றது மழை வெள்ளம். காற்றுக்கு நூற்றில் பத்து பங்குக்கு மேல் இல்லை. அந்தப் பத்துக்குத்தான் இத்தனை ஆராதனை! கடன் கேட்டு வருகிறவர் எந்தக் காரில் வந்து இறங்கினார் என்று பார்த்துக் கடன் கொடுத்த கிளைகள் என்ன கதிக்கு ஆளாயின என்று என் மாதிரி ஆட்களுக்குத் தெரியும். கேட்டகரி என்பது அந்தக் கார்.

பெரிய காற்றும் பெரிய சாவும் சேர்ந்தே வந்ததில்லையா என்பீர்கள். வந்திருக்கிறது. 2013 நவம்பர் 8-ம் தேதி பிலிப்பைன்ஸில் ஹையான், ஆறாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள். காற்று பயங்கரமாக அடிக்கும் என்று தக்லோபான் நகரத்தில் எல்லாருக்கும் தெரிந்திருந்தது. காற்றுக்குப் பாதுகாப்பான கட்டடங்களில் போய் ஒதுங்கியும் இருந்தார்கள். கடல் உள்ளே வரும் என்பதற்கு அதிகாரிகள் பயன்படுத்திய ஆங்கிலச் சொல்தான் ஜனங்களுக்குப் புரியவில்லை. சுனாமி மாதிரி வரும் என்று சொல்லியிருந்தால் ஓடியிருப்போம் என்று பிழைத்தவர்கள் சொன்னார்கள். நம்ம ஒடிசாவிலும் 1999 அக்டோபரில் கிட்டத்தட்ட பத்தாயிரம் பேர் போனது பெரும்பாலும் எர்சமா பக்கம் உள்ளே வந்த கடலால்தான். அதே ஒடிசாவில் 2013-ல் பைலின் புயலும் சாதாரணமானதல்ல. ஆனால் பத்து லட்சம் பேரை முன்கூட்டியே அப்புறப்படுத்திவிட்டார்கள், சாவு சில பத்துகளோடு நின்றது. கடலுக்குப் பக்கத்தில் ஆள் இல்லாமல் பார்த்துக்கொண்டதுதான் அங்கே கணக்கை மாற்றியது.

சரி, அவர்கள் தரப்பையும் சொல்லிவிடுகிறேன். ஆர்வலர்களால்தான் ஜனங்களுக்கு விழிப்புணர்வு வருகிறது என்கிறார்கள். உண்மையாகவே உழைக்கிறவர்கள் இருக்கிறார்கள், மறுக்கவில்லை. அமெரிக்காவில் வானிலைத் துறையிடம் பயிற்சி வாங்கிக்கொண்டு, கண்ணால் கண்டதை உடனே தெரிவிக்கிற தன்னார்வலர்கள் மூன்று லட்சத்துக்கும் மேல். டிம் சமாரஸ் என்ற பொறியாளர் சூறாவளியின் பாதையில் கருவிகளை வைத்து அளந்தவர். 2013 மே 31-ல் ஓக்லஹோமாவின் எல் ரீனோவில் மகனோடும் சக ஆய்வாளரோடும் அதே சூறாவளியில் சிக்கி இறந்துபோனார். அன்றைக்கு அந்தச் சாலைகளில் வேடிக்கை பார்க்க வந்த கார்களும் கொஞ்சமில்லை. இரண்டு கூட்டத்துக்கும் வெளியில் இருந்து பார்த்தால் ஒரே பெயர்தான்.

எனக்குப் பிடித்த கூட்டம் வேறு. கொலராடோவில் ஃபோர்ட் காலின்ஸ் என்ற ஊரில் 1997 ஜூலையில் திடீர் வெள்ளம், ஐந்து பேர் இறந்தார்கள். ஊரின் ஒரு கோடியில் பேய்மழை, இன்னொரு கோடியில் அதில் ஒரு சிறு பங்கு. இது யாருக்கும் நேரத்துக்குத் தெரியவில்லை. மறு வருடமே ஜனங்கள் வீட்டுத் தோட்டத்தில் நாலு அங்குல விட்டத்தில் ஒரு பிளாஸ்டிக் மழைமானியை நட்டுவைத்து தினமும் காலையில் அளந்து அனுப்ப ஆரம்பித்தார்கள். இன்று அது நாடு முழுக்க, நாடு தாண்டியும் பரவிவிட்டது. இதில் கண்ணும் இல்லை, சுழலும் இல்லை. பார்க்க அழகாகவும் இருக்காது. நம்ம வயநாட்டிலும் கல்பற்றாவில் உள்ள ஹ்யூம் மையம் இருநூறு இடங்களில் இப்படி மழையை அளக்கிறது. 2024 ஜூலை 30-ல் முண்டக்கை, சூரல்மலை மண்ணோடு போனதே, அதற்கு முந்தின நாளே அவர்கள் மாவட்ட நிர்வாகத்தை எச்சரித்ததாகச் செய்திகள் வந்தன. அன்றைக்கு அங்கே எந்தப் புயலும் இல்லை. அதனால் நம்ம ரசிகர்கள் பக்கமும் சத்தம் இல்லை.

இவர்கள் செய்கிற இன்னொரு வேலையையும் சொல்லியாக வேண்டும். அமெரிக்கக் கணினி மாடல் பதினாறு நாள் வரைக்கும் படம் போட்டுக் காட்டும். பதினாலாவது நாள் வங்கக் கடலில் ஒரு ராட்சசன் நிற்கிற படத்தை வெட்டி அனுப்புவார்கள். அடுத்த கணக்கில், அதாவது ஆறே மணி நேரத்தில், அந்த ராட்சசன் பர்மாவுக்குப் போயிருப்பான், அல்லது காணாமலே போயிருப்பான். அதை யாரும் அனுப்ப மாட்டார்கள். கடலூரிலும் நாகப்பட்டினத்திலும் தனியாக இருக்கிற அம்மா அப்பாவுக்கு, பூனாவிலிருந்தும் டில்லியிலிருந்தும் நாம் போன் போட்டு மெழுகுவர்த்தி வாங்கு, பால் பவுடர் வாங்கு என்று மூன்று தடவை விரட்டியிருப்போம். நாலாவது தடவை நிஜமாக வரும்போது, "போடா, உனக்கு வேற வேலை இல்ல" என்பார்கள். அவர்கள் மேல் தப்பில்லை.

வெளியூரில் இருக்கிற நம் மாதிரி குடும்பங்களுக்குத்தான் இந்த மார்க் விவகாரம் ரொம்ப முக்கியம். பெற்றவர்களை மாடிக்கு அனுப்பவா, அண்ணன் வீட்டுக்கு அனுப்பவா என்று ஆயிரம் கிலோமீட்டர் தள்ளி உட்கார்ந்துகொண்டு முடிவு செய்கிறவர்கள் நாம். 'எத்தனாம் நம்பர் புயல், எங்கே கரையைக் கடக்கிறது' என்ற இரண்டே கேள்வியில் முடிவு செய்கிறோம். நான் இருக்கும் மும்பையில் 2005 ஜூலை 26-ல் சாந்தாகுரூஸில் 944 மில்லிமீட்டர் கொட்டியது, அதே நாள் கொலாபாவில் வெறும் 73. புயல் இல்லை, பெயர் இல்லை, நம்பர் இல்லை. 2015 டிசம்பர் 1-ல் தாம்பரத்தில் 49 சென்டிமீட்டர் பெய்து, செம்பரம்பாக்கத்திலிருந்து 29,000 கன அடி வந்தபோதும் புயல் இல்லை. 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர். அதற்கும் பெயர் கிடையாது.

2024 நவம்பரில் வந்த ஃபெஞ்சலுக்காவது பெயர் இருந்தது. புயலாகுமா ஆகாதா என்று அது இழுத்தடித்ததை வைத்து எத்தனை கேலிப்படங்கள்! நவம்பர் 30 ராத்திரி புதுச்சேரிப் பக்கம் கரையைக் கடந்தது. 'இவ்வளவுதானா' என்று நம்ம ஆட்கள் கடையைக் கட்டிவிட்டார்கள். அதற்குப் பிறகுதான் புதுச்சேரியிலும் மயிலத்திலும் அரை மீட்டர் மழை பதிவானது. டிசம்பர் 1 இரவு, புயல் என்ற பட்டமே போன பிறகு, கடலே இல்லாத கிருஷ்ணகிரி மாவட்டத்து ஊத்தங்கரையில் 50 சென்டிமீட்டர்.

ஆகவே அடுத்த தடவை ஊருக்குப் போன் போடும்போது காற்றை விட்டுவிட்டு இதைக் கேளுங்கள். நம்ம ஏரியில் எத்தனை அடி தண்ணி நிக்குது? நம்ம ஆத்துக்கு மேல எந்த ஊர்ல பெய்யுது? மேல இருக்கிற அணையில எத்தனை கன அடி திறந்திருக்கான்? பக்கத்துத் தெரு போன தடவை எத்தனை மணிக்கு முழுகிச்சு? கரையைக் கடந்துவிட்டது என்று டிவி சொன்ன பிறகும் இரண்டு நாள் கேட்டுக்கொண்டே இருங்கள். சாத்தனூர் அணையிலிருந்து தென்பெண்ணையில் 1.68 லட்சம் கன அடி திறந்துவிட்டது டிசம்பர் 2 அதிகாலையில். ஃபெஞ்சல் கரையைக் கடந்து அப்போது ஒரு நாளுக்கும் மேல் ஆகியிருந்தது.