தொட்டி எலுமிச்சைக்கு டானிக் தீர்வாகுமா?

மாமல்லபுரத்துக்குத் தெற்கே, கிழக்குக் கடற்கரைச் சாலையை ஒட்டிய கிராமத்திலிருந்து ஒரு வாசகி, கருகிய எலுமிச்சை இலைகள் நாலைந்தையும் உறையில் போட்டுக் கேள்வி அனுப்பியிருக்கிறார். தொட்டியில் வைத்து இரண்டு வருடமான செடி. பங்குனியில் இலை நுனி கருக ஆரம்பித்தது. சத்துக் குறைவு என்று நினைத்து ஒரு பிடி டி.ஏ.பி. போட்டார். கேட்கவில்லை. உரக்கடையில் ஹியூமிக் அமிலம், கடற்பாசி டானிக், 19:19:19 என்று வாங்கி, வாரத்துக்கு ஒன்றாகக் கொடுத்தார். பாதி இலை கொட்டிவிட்டது. இன்னும் என்ன உரம் கொடுக்கலாம் என்று கேட்கிறார். வீட்டுக்குப் பின்னால் 20 சென்ட் மல்லிகைக்கும் இதே போர் தண்ணீர்தான் பாய்கிறது என்று கடைசியில் ஒரு வரி சேர்த்திருக்கிறார். கடிதத்திலேயே முக்கியமான வரி அதுதான்.

இப்போதைக்கு எந்த உரமும் வேண்டாம்.

இலையைப் பார்த்தே பாதி விஷயம் தெரிந்துவிடும். அடி இலைகள் மொத்தமாக வெளிறி மஞ்சளானால் தழைச்சத்துக் குறைவு. கொழுந்து இலை மஞ்சளாகி, நரம்பு மட்டும் பச்சையாக நின்றால் இரும்பு அல்லது துத்தநாகக் குறைவு. இந்த வாசகி அனுப்பிய இலைகள் நுனியிலும் ஓரத்திலும் தீய்ந்து, நடுவில் பச்சையாகவே இருக்கின்றன. இது பெரும்பாலும் உப்பின் வேலை. எலுமிச்சை இனம் உப்பைத் தாங்காது.

தொட்டியில் உப்பு சேர்வது எளிது. தினமும் ஊற்றும் தண்ணீரைச் செடி குடிக்கும், வெயில் குடிக்கும். தண்ணீரில் இருந்த உப்பு மட்டும் மண்ணிலேயே தங்கும். நிலத்தில் மழை வந்து கழுவிவிடும். தாழ்வாரத்துத் தொட்டிக்கு அந்த வழியும் இல்லை. மண்ணில் உப்பு ஏற ஏற, ஈரம் இருந்தும் வேரால் தண்ணீரை இழுக்க முடியாமல் போகும். செடி வாடும். வாட்டத்தைப் பார்த்து உரம் போடுகிறோம். ரசாயன உரமும் ஒரு வகை உப்புதான் என்பதைப் பலரும் யோசிப்பதில்லை. பொட்டாஷ் உரங்களில் மியூரியேட் ஆஃப் பொட்டாஷில் ஏறக்குறைய பாதி குளோரைடு. கடலோரத் தொட்டிகளுக்கு அதைத் தொடவே வேண்டாம்.

டானிக்குகளைக் குறை சொல்வதற்கில்லை. கடற்பாசிச் சாறில் வளர்ச்சி ஊக்கிகள் உண்டு. கொடுமுடி டாக்டர் கே. நடராஜன் பரவலாக்கிய பஞ்சகவ்யாவை 10 லிட்டர் தண்ணீருக்கு 300 மில்லி கலந்து தெளித்துப் பலன் கண்டவர்கள் ஏராளம். ஆனால், அவையெல்லாம் வேர் நன்றாக உள்ள செடிக்கு. வயிறு கெட்டுக் கிடப்பவருக்கு யாரும் விருந்து வைப்பதில்லை.

முதலில் தொட்டியின் அடித்துளை அடைபட்டிருக்கிறதா என்று குச்சியால் குத்திப் பாருங்கள். பிறகு செடியை மண்ணோடு மெதுவாகச் சாய்த்து எடுத்து வேரைப் பாருங்கள். வெள்ளையாக, உறுதியாக இருந்தால் உயிர் இருக்கிறது. பழுப்பாகி, நசுக்கினால் தோல் கழன்று வந்தால் அந்த வேர் அழுகிவிட்டது, அதை வெட்டிவிடலாம். மண் மேல் வெள்ளைப் பொருக்கு படிந்திருந்தால் மேல்மண்ணை இரண்டு விரல் கனத்துக்குச் சுரண்டி எடுத்துவிடுங்கள். செடியைத் திரும்ப வைத்து, நல்ல தண்ணீரை, தொட்டியின் கொள்ளளவைப் போல இரண்டு மூன்று மடங்கு, மெதுவாக ஊற்றி வடியவிட வேண்டும். 15 லிட்டர் தொட்டிக்கு 30 முதல் 45 லிட்டர். மழைத் தண்ணீர் சிறந்தது. உவர்ப்பு இல்லாத குழாய்த் தண்ணீரும் ஆகும். ஆர்.ஓ. இயந்திரம் வெளியே தள்ளும் தண்ணீரை மட்டும் வேண்டாம். வடிகட்டிய உப்பெல்லாம் அதில்தான் இருக்கிறது. வீணாகிறதே என்று செடிக்கு ஊற்றும் வழக்கம் பல வீடுகளில் உண்டு.

பிறகு செடியை அரை நிழலில் வைத்து, மேல்மண் காய்ந்த பிறகு மட்டும் தண்ணீர் விடுங்கள். புதுக்கொழுந்து வரும் வரை பொறுமை வேண்டும். மூன்று நாலு வாரம்கூட ஆகலாம். கொழுந்து முற்றியதும் இரண்டு கைப்பிடி மண்புழு உரம் போதும். தென்னை நார்க்கழிவு சேர்ப்பதானால் நன்றாகக் கழுவியதாகப் பார்த்து வாங்குங்கள். கழுவாததில் உப்பு நிறைய.

இனி மல்லிகை. கடலுக்கும் பக்கிங்காம் கால்வாய்க்கும் நடுவில் உள்ள மணல் பகுதியில் நல்ல தண்ணீர், உப்புத் தண்ணீரின் மேல் மிதந்துகொண்டுதான் இருக்கிறது. நல்ல தண்ணீர் கடல் மட்டத்துக்கு மேல் ஓர் அடி நின்றால், கீழே சுமார் 40 அடி வரை இருக்கும் என்பது பொதுவான கணக்கு. மேலே ஓர் அடி இறங்கினால் கீழிருந்து உப்பு 40 அடி ஏறி வரும். அதனால் போரை இன்னும் ஆழப்படுத்துவது உப்பைத் தேடிப் போவதுதான். அக்கம்பக்கத்தில் யார் சொன்னாலும் அதைச் செய்ய வேண்டாம். மோட்டாரை ஒரே மூச்சாக ஓட்டாமல் விட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் ஓட்டுங்கள். சொட்டுநீரும் மூடாக்கும் தண்ணீர்த் தேவையைக் குறைக்கும். ஐப்பசி மழைக்கு முன் கூரைத் தண்ணீரைப் போர் ஓரத்துக் குழிக்குள் விட வழி செய்யுங்கள்.

உடனே செய்ய வேண்டியது தண்ணீர்ப் பரிசோதனை. மோட்டாரைப் பத்து நிமிடம் ஓடவிட்டு, சுத்தமான பாட்டிலில் ஒரு லிட்டர் பிடித்துக்கொள்ளுங்கள். எங்கே கொடுப்பது என்பதைத் திருக்கழுக்குன்றம் வட்டார வேளாண்மை அலுவலகத்தில் சொல்வார்கள். முடிவில் மின் கடத்தும் திறன் மீட்டருக்கு 0.7 டெசிசைமனுக்குக் கீழே இருந்தால் கவலையில்லை. பிரச்னையை வேரில் தேடலாம். 3-ஐத் தாண்டினால் எலுமிச்சைக்கு மழைத் தண்ணீர் மட்டும்தான். மல்லிகைக்குப் பதில் சப்போட்டாவோ தென்னையோ வைப்பதைப் பற்றி வீட்டில் உட்கார்ந்து பேச வேண்டியிருக்கும். ஜிப்சம் போடலாமா என்பதும் அந்த முடிவைப் பார்த்துத்தான். சோடியம் மிகுந்திருந்தால் தவிர அது வீண் செலவு.