வெற்றிலையும் விருந்தும் கண்ட பாதிரிமார்

பிறந்த மண்ணை விட்டு வேற்று மொழியாரிடையே வாழும் நமக்கு, அவ்வாறு வாழ்ந்த பிறர் வரலாறு எப்பொழுதும் சுவை பயப்பதாகும். இத்திங்கள் வியட்நாம் நாட்டிலே வாழ்ந்த கிறித்தவத் துறவியர் இருவரைப் பற்றிக் கூற விழைகின்றேன். மதுரையிலே தத்துவ போதகர் எனப் பெயர் பூண்டு வாழ்ந்த இராபர்ட் தெ நொபிலியின் காலத்தவர் இவர்கள். அவரைப் போன்றே இயேசு சபையைச் சார்ந்தவர்கள்.

முதலாமவர் இத்தாலியராகிய கிறிஸ்தோபோரோ போர்ரி. 1618 முதல் 1622 வரை நடு வியட்நாமில் தங்கியிருந்து, தாம் கண்டவற்றை 1631இல் உரோமையில் நூலாக வெளியிட்டார். சமயம் பரப்பச் சென்றவரின் நூலாயினும், அதன் முதற்பகுதி அந்நாட்டு மக்களின் வாழ்வையே பேசுகின்றது. கீழை நாட்டார் பலர் ஐரோப்பியரைக் கண்டால் ஒதுங்கிப் போவர்; இவர்களோ சூழ்ந்துகொண்டு ஆயிரம் கேள்வி கேட்டுத் தம்முடன் உண்ண அழைப்பர் என்று அவர் வியக்கின்றார். வழியில் எதிர்ப்படுவோர் இடுப்புப் பையைத் திறந்து வெற்றிலையும் பாக்கும் நீட்டுவதும் அவருக்குப் புதுமை. நம் பாட்டிமார் அதைப் படித்திருந்தால், இதை எழுதவா இவ்வளவு தொலைவு போனார் என்று கேட்டிருப்பர்! ஊறிய மீனிலிருந்து வடித்த சாற்றை, ஐரோப்பியர் திராட்சை மதுவைச் சேமிப்பதுபோல வீடுதோறும் சாடிகளில் நிரப்பி வைத்திருந்தார்களாம்.

அவர் கூறும் நிகழ்ச்சிகளுள் ஒன்று மறக்கவொண்ணாதது. பிறரிடம் உள்ள பொருள் ஒன்றைக் கண்டு ‘எனக்கும் ஒன்று தருக’ என்று கேட்டால், மறுப்பது அங்கே பெரிய மரியாதைக் குறைவு. இவ்வாறு பலரும் தம்மிடம் கேட்கக் கேட்கச் சலித்துப்போன போர்த்துகீசிய வணிகர் ஒருவர், தாமும் அதைச் சோதித்துப் பார்க்க எண்ணினார். ஏழைச் செம்படவன் ஒருவனுடைய மீன் கூடையின்மேல் கை வைத்து அச்சொற்களையே கூறினார். செம்படவன் ஒரு சொல்லும் பேசாமல் கூடையை அப்படியே கொடுத்துவிட்டான். வணிகர் திகைத்து, மனம் இரங்கி, மீனுக்குரிய விலையைக் கொடுத்தார்.

இரண்டாமவர் பிரெஞ்சு நாட்டு அவிஞோன் நகரில் பிறந்த அலெக்சாண்டர் தெ ரோட்ஸ். கோவாவில் சில காலம் தங்கிய பின் 1624இன் இறுதியில் வியட்நாம் சேர்ந்தார். அம்மொழி முதலில் அவர் செவிக்குப் பறவைகளின் கீச்சொலி போலவே பட்டது. ஒரே அசை, குரலின் ஏற்ற இறக்கத்தால் வெவ்வேறு பொருள் தரும். மீன் வாங்கி வரச் சொன்ன பாதிரியார் ஒருவருக்குக் கூடை நிறையக் கத்தரிக்காய் வந்து சேர்ந்தது. ‘கா’ என்பதை அவர் தவறான குரலில் ஒலித்துவிட்டார்! சாலைச் சந்தையில் ‘வெள்ளம்’ என்ற சொல்லைக் கேட்டு, மழையும் இல்லையே என்று விழித்த புதுக்குடியினர் நம்முள்ளும் உண்டல்லவா? ரோட்ஸுக்கு அக்குரல்களைக் கற்பித்த ஆசான் ஒரு சிறுவன்; மூன்று வாரத்தில் கற்பித்தான்.

மொழிப் பிழை கத்தரிக்காயோடு நிற்பின் சிரிக்கலாம். கிறித்தவராக விரும்புகிறாயா என்று கேட்பதற்குத் தொடக்க கால மொழிபெயர்ப்பாளர் வழங்கிய சொற்றொடர், பறங்கியின் வயிற்றுக்குள் புகுவாயா என்னும் பொருளில் அமைந்திருந்தது. இதனைப் போர்ரியே எழுதியிருக்கின்றார். அந்நாட்டுக் கூத்தர் விடுவரோ? வயிறு பெருக்கிய போர்த்துகீசிய வேடத்தான் ஒருவனையும் ஒரு சிறுவனையும் அரங்கில் நிறுத்தி, அக்கேள்வியையே நகைச்சுவைக் கூத்தாக்கினர். பின்னரே பாதிரிமார் அச்சொற்களை நீக்கி, கிறித்தவ நெறியில் புகுதல் என்னும் தொடரை வழங்கினர்.

மதுரையிலும் இதுவே நிகழ்ந்தது. பறங்கிக் குலத்தில் சேருகிறாயா என்றே அங்கும் கேட்டு வந்தனர். 1606இல் அங்கு வந்த நொபிலி அதனை ஒழித்துக் காவியுடுத்துத் தமிழ் பேசினார். அயல்நாட்டு நெறியைத் தழுவினாலும் தம் குலத்தையும் உறவையும் விடமாட்டோம் என்று இரு நாட்டாரும் கொண்ட உறுதியே, இவ்விரு திருத்தங்களுக்கும் காரணம் என்பது என் கருத்து.

எழுத்தில் மட்டும் இரு நாட்டின் வழிகள் பிரிந்தன. இங்கிருந்து அண்மையிலுள்ள கொல்லத்தில் 1578இல் அச்சான ‘தம்பிரான் வணக்கம்’ நம் எழுத்திலேயே வெளிவந்தது. வியட்நாமிலோ, பீனா முதலிய போர்த்துகீசியப் பாதிரிமார் தொடங்கிய உரோமன் எழுத்துமுறையைக் கொண்டே ரோட்ஸ் 1651இல் அகராதி வெளியிட்டார். அவ்வெழுத்தே நாளடைவில் சீன எழுத்தின் இடத்தைப் பெற்று நாட்டின் எழுத்தாகிவிட்டது.

ஆயினும் ஒரு முடிச்சு நெடுங்காலம் அவிழாமல் நின்றது. இறந்தோரை இவ்வளவு போற்றும் மக்கள் உலகில் வேறெங்கும் இலர் என்று ரோட்ஸ் பாராட்டினார். ஆனால் இறந்தோருக்கு உணவு படைப்பதை அவர் ஏற்கவில்லை. 1742இல் போப்பாண்டவர் பதினான்காம் பெனடிக்ட் முன்னோர் சடங்குகளை முற்றாகத் தடுத்தார். தாய் தந்தையரைப் போற்றாதவர் என்னும் பழி அந்நாட்டுக் கிறித்தவர்மேல் தலைமுறை தலைமுறையாக விழுந்தது. 1964இல்தான் அங்கு அத்தடை நீங்கிற்று. இன்று ‘தெத்’ என்னும் புத்தாண்டின் இரண்டாம் நாளை, மறைந்த பெற்றோருக்கும் முன்னோருக்கும் உரிய வழிபாட்டு நாளாக அவர்கள் கொண்டாடுகின்றனர். பல இல்லங்களில் சிலுவைக்குக் கீழே தாத்தா பாட்டியின் படம் இருக்கும். அதன் முன்னே ஊதுவத்தி புகையும்.