அம்மா எங்கே?

சென்ற மாதம் ஒரு சனிக்கிழமை, ஐந்து மாதக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு மயிலாப்பூரிலிருந்து அடையாற்றுக்குப் போய், ஒரு பழைய சிநேகிதனைப் பார்த்துவிட்டு வந்தேன். நாலைந்து கிலோமீட்டர் தூரம். இதில் எழுதுவதற்கு என்ன இருக்கிறது என்று நீங்கள் கேட்கலாம். ஒரு பெண் போய் வந்திருந்தால் ஒன்றுமே இல்லைதான். போனவன் நான்.

அன்று என் மனைவிக்குக் கடைவாய்ப் பல் பிடுங்க வேண்டியிருந்தது. சிநேகிதனோ பதினோரு வருஷமாக, "ஒரு நாள் வாடா, வாடா" என்று கூப்பிட்டுக்கொண்டிருப்பவன். நாற்பத்து மூன்று வயதில் எனக்குப் பிறந்த பெண்ணை அவன் இன்னும் பார்க்கவில்லை. பால் புட்டி, வெந்நீர் பிளாஸ்க், நாலு மாற்றுத் துணி, ஒரு கிலுகிலுப்பை எல்லாவற்றையும் பையில் போட்டுக்கொண்டு கிளம்பினேன்.

வடக்கு மாட வீதியில் பூ விற்கிற அம்மாள் என்னைப் பார்த்தாள், குழந்தையைப் பார்த்தாள், என் பின்னால் யாராவது வருகிறார்களா என்று பார்த்தாள். "ஐயோ, தாயில்லாப் புள்ளையா?" என்றாள். நான் பதில் சொல்வதற்குள் ஒரு முழம் மல்லிகையைப் பையில் வைத்துவிட்டாள். காசு வாங்க மாட்டேன் என்றாள். சாட்சாத் என் மனைவி அந்நேரம் பல் டாக்டரின் நாற்காலியில் வாயைத் திறந்துகொண்டு சௌக்கியமாக உட்கார்ந்திருந்தாள்!

ஆட்டோக்காரர், "அம்மா வரலையா சார்?" என்றார். சிக்னலில் பக்கத்தில் ஸ்கூட்டரை நிறுத்திய ஒரு மாது, "இப்படி ஒரு புருஷன் கிடைக்கக் கொடுத்து வைத்திருக்க வேண்டும்" என்றார். உண்மையை ஒப்புக்கொண்டுவிடுகிறேன்: மந்தைவெளி தாண்டும் வரை எனக்கு அது இனிப்பாகத்தான் இருந்தது. அப்புறந்தான் உறைத்தது. இதே பையையும் இதே குழந்தையையும் தூக்கிக்கொண்டு, மெட்ரோ ரயிலுக்காகத் தோண்டிப் போட்ட தெருக்களில் என் மனைவி ஐந்து மாதமாகப் போய் வருகிறாள். எந்தப் பூக்காரியும் அவளுக்கு ஒரு கண்ணிப் பூக்கூட இலவசமாகக் கொடுத்ததில்லை.

ஆட்டோ திரு.வி.க. பாலத்தில் ஏறியது. 'பெண்ணின் பெருமை' என்று ஒரு புத்தகமே எழுதியவர் பெயரை அந்தப் பாலத்துக்கு வைத்திருக்கிறோம். பெருமையைப் பெண்ணிடம் கொடுத்துவிட்டு, கூடவே பையையும் கொடுத்துவிடுகிற சாமர்த்தியம் நமக்கு எப்போதும் உண்டு.

"நம் அப்பாக்கள் குழந்தையைத் தூக்காமலா இருக்கிறார்கள்? பங்குனியில் அறுபத்துமூவர் உற்சவத்தைப் போய்ப் பாருங்கள், தோளுக்குத் தோள் குழந்தை!" என்று சிலர் சண்டைக்கு வருவார்கள். பார்த்திருக்கிறேன். அது கழுத்து நின்ற குழந்தை, மூன்று வயசுக் குழந்தை. தோளில் ஏறி வேடிக்கை பார்க்கிற குழந்தை அப்பாவுக்கு. மடியை நனைக்கிற குழந்தை அம்மாவுக்கு. இதுதான் நாம் செய்துகொண்டிருக்கும் பாகப் பிரிவினை.

நம் இலக்கியத்திலும் இதே கதைதான். பிள்ளைத்தமிழ் என்று ஓர் அருமையான பிரபந்த வகை நம்மிடம் இருக்கிறது. காப்பில் தொடங்கிப் பத்துப் பருவங்கள். என் பெண் இப்போது செங்கீரைப் பருவத்தில் தலையை நிமிர்த்தி ஆடிக்கொண்டிருக்கிறாள். பாடிப் பேர் வாங்கியவர்களில் பெரும்பாலோர் ஆண்கள்தாம். ஆனால் குழந்தையைக் கொஞ்ச வேண்டுமென்றால் அவர்கள் தாயாக வேஷம் போட்டுக்கொண்டார்கள். பெரியாழ்வார்கூடக் கண்ணனைக் கொஞ்சுவதற்கு யசோதையாகத்தான் மாறினார். அது பக்தியின் உச்சம் என்பார்கள். இருக்கட்டும். தகப்பனாகவே நின்று கொஞ்சுவதற்கு ஒரு குரல் இல்லாமல் போயிற்றே என்பதுதான் என் குறை.

சட்டத்துக்கு வருவோம். 2015இல் தமிழ்நாட்டின் பேருந்து நிலையங்களில் தாய்ப்பால் ஊட்டும் அறைகளைத் திறந்தார்கள். அந்த அறைக்குள் ஆணுக்கு என்ன வேலை? அதில் எனக்கு வழக்கில்லை. என் வழக்கு, துணி மாற்றும் பலகையைப் பற்றியது. தியாகராய நகரில் ஒரு பெரிய ஜவுளிக் கடையில் அந்தப் பலகையைப் பெண்கள் கழிவறைக்குள் மாட்டியிருந்தார்கள். நான் மாடிப்படியில் உட்கார்ந்து, முழங்காலில் குழந்தையைக் கிடத்தித் துணி மாற்றினேன். ஏறி இறங்கிய ஜனங்கள் சர்க்கஸ் பார்ப்பதுபோல் பார்த்தார்கள்.

2017இல் மகப்பேறு நலச் சட்டத்தைத் திருத்தி, 12 வாரச் சம்பள விடுமுறையை 26 வாரமாக்கினார்கள். ஐம்பது பேரும் அதற்கு மேலும் வேலை செய்யும் இடங்களில் குழந்தைக் காப்பகம் வேண்டுமென்றார்கள். தினம் நான்கு முறை போய்ப் பார்த்துவிட்டு வரலாம் என்றும் எழுதினார்கள். யார் போகலாம்? பெண் போகலாம். தகப்பன் எட்டிப் பார்க்க ஒரு வரி இல்லை. மத்திய சர்க்கார் உத்தியோகஸ்தனுக்கு 15 நாள் விடுமுறை உண்டு. தனியார் கம்பெனிக்காரனுக்குச் சட்டப்படி ஒரு நாளும் கிடையாது. பெரும்பாலும் அந்த 26 வாரச் சம்பளத்தையும் முதலாளியே தர வேண்டும். அவர் என்ன கணக்குப் போடுவார்? கல்யாணமான பெண் வேலை கேட்டு வந்தால் ஒரு கணம் யோசிப்பார். ஆண் வந்தால் யோசிக்க மாட்டார். தாய்க்குச் செய்த உபகாரம் தாயின் பிழைப்பிலேயே கை வைக்கிறது. தகப்பனுக்கும் பாதி கொடுத்திருந்தால் இந்தக் கணக்கே எழுந்திராது.

சிநேகிதன் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தேன். காந்தி நகரில் மூன்றாவது மாடி. கதவைத் திறந்ததும் அவன் சொன்ன முதல் வார்த்தை: "அட, குழந்தையை உள்ளே கொடுத்துட்டு வாடா, பேசலாம்."

உள்ளே என்றால் சமையலறை. அங்கே அவன் மனைவி அடுப்பில் காப்பிக்குப் பால் வைத்திருந்தாள்.

"இங்கேயே இருக்கட்டுமே, அவளைப் பார்க்கக் கூட்டிக்கொண்டு வந்திருக்கிறேன்" என்றேன்.

"பொம்பளை கைக்குத்தாண்டா குழந்தை அடங்கும். இயற்கை" என்றான்.

பாலூட்டுவது இயற்கை, ஒப்புக்கொள்கிறேன். துணி துவைப்பதும், ராத்திரி இரண்டு மணிக்கு நடை போடுவதும் எந்த இயற்கை? முதல் மாதம் என் கையில் இந்தக் குழந்தை ஒரு நிமிஷம் அடங்கியதில்லை. வேறு கை கிடைக்காததால் இரண்டாம் மாதம் அடங்கியது. அதையெல்லாம் சொல்லி வாதாடிக்கொண்டே அவன் மடியில் குழந்தையை வைத்தேன். வெடிகுண்டை வாங்குகிற மாதிரி வாங்கினான். அவளும் தன் காரியத்தை உடனே முடித்தாள், வேஷ்டி நனைந்தது.

காப்பி கொண்டுவந்த அவன் மனைவி சிரித்தாள். "பாருங்க அண்ணா, எங்க பையன் நடக்க ஆரம்பிச்ச பிறகுதான் இவர் தூக்கினார்" என்றாள். அதில் குத்தல் ஒன்றும் இல்லை; தேதி சொல்வதுபோல்தான் சொன்னாள்.

அந்தப் பையன் இப்போது வெளியூரில் காலேஜில் படிக்கிறான். நான் இருக்கும்போதே அவனிடமிருந்து போன் வந்தது. அம்மாவோடு அரைமணி நேரம் பேசினான். பிறகு போன் சிநேகிதன் கைக்கு வந்தது. "ம்... பணம் வந்ததா? சரி, சரி" என்று அவன் திருப்பிக் கொடுத்துவிட்டான். குழந்தை மட்டும் அவன் மடியிலேயே இருந்தது. நான் கிளம்பும்வரை அவன் வேஷ்டியை மாற்றிக்கொள்ளவில்லை.

வீட்டுக்குத் திரும்பியபோது மனைவி வாயில் பஞ்சை வைத்துக்கொண்டு படுத்திருந்தாள். எல்லோரும் என்ன சொன்னார்கள் என்று சைகையால் கேட்டாள்.

"எல்லோரும் உன்னைத்தான் கேட்டார்கள்" என்று சொல்லி, மல்லிகையைக் கொடுத்தேன்.