தறிக்குழிக்கு இடம் தரும் வாடகை வீடு எங்கே?

காஞ்சிபுரம் மாவட்ட ஆட்சித் தலைவர் அவர்களுக்கு,

முசரவாக்கத்திலிருந்து, வாடகை வீட்டில் தறி போட்டுப் பிழைக்கும் குடும்பங்களுக்காக எழுதுகிறேன். வாடகை ஏறினால் வீட்டுக்காரரின் பேராசை என்று சொல்லிவிட்டுப் போவது சுலபம். ஆனால் அவரை அப்படிக் கணக்குப் போட வைத்தது எது?

இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் 1998-ல் கார் தயாரிக்கத் தொடங்கியது. பின்னாலேயே ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பக்கமெல்லாம் கம்பெனிகள் வந்தன. அவற்றுக்கு நிலம், மின்சாரம், சாலை எல்லாம் அரசு ஏற்பாடு செய்தது. வேலைக்கு வருகிறவர்கள் எங்கே படுப்பார்கள் என்ற கேள்வி மட்டும் சுற்றியிருந்த ஊர்களின் தலையில் விழுந்தது. ஒரு வீட்டில் ஆறு பேரைத் தங்கவைத்து, தலைக்கு 2,000 ரூபாய் வாங்கினால் மாதம் 12,000. அதைப் பார்த்த வீட்டுக்காரர், கூலிக்கு நெய்யும் குடும்பத்துக்கு ஏன் குறைத்து விடப்போகிறார்?

எங்களுக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. குழித்தறி போட, கால் இறக்கி மிதிக்கத் தரையில் பள்ளம் வெட்டவேண்டும். தறி நீளத்துக்கு அறை வேண்டும். டைல்ஸ் போட்ட தரையில் யார் கடப்பாரை போடவிடுவார்கள்? "தறி இருக்கா? அப்போ வேற இடம் பாருங்க" என்று வாசலிலேயே சொல்லிவிடுகிறார்கள். வீடு மாறினால் தறியைப் பிரித்து, மறுபடி குழி வெட்டிப் பூட்டி முடிக்கும்வரை கூலி கிடையாது.

இது நம் மாவட்டத்தோடு நிற்கும் கதையில்லை. 2011 கணக்கெடுப்பில் நாட்டின் நகரங்களில் மட்டும் சுமார் 1.1 கோடி வீடுகள் காலியாகக் கிடந்தன. மறுபக்கம், 2012-ல் மத்திய அரசின் வல்லுநர் குழு நகர்ப்புற வீட்டுப் பற்றாக்குறையை 1.88 கோடி என்று மதிப்பிட்டது. பெரும்பாலும் ஏழைகளின் பற்றாக்குறை. வீடும் மனையும் குடியிருக்க என்பதைவிடப் பணத்தைப் போட்டுவைக்க என்றாகிவிட்டன. அரசின் திட்டங்களும் சொந்த வீட்டையே பார்க்கின்றன. கலைஞரின் கனவு இல்லம் திட்டத்தில் வீட்டுக்கு 3.5 லட்சம் ரூபாய் கிடைக்கிறது. நல்ல திட்டம்தான், ஆனால் கட்டுவதற்குச் சொந்த இடம் வேண்டும். வாடகைக்காரருக்கு ஏது பட்டா?

2017-ல் இயற்றப்பட்டு 2019-ல் நடைமுறைக்கு வந்த தமிழக வாடகைச் சட்டம், எழுத்து ஒப்பந்தமும் பதிவும் கட்டாயம் என்கிறது. ஒப்பந்தத்தில் வேறுவிதமாக எழுதாவிட்டால் அட்வான்ஸ் மூன்று மாத வாடகையைத் தாண்டக்கூடாது. ஆனால் ஒப்பந்தத்தை எழுதுவது வீட்டுக்காரர். காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்தில் வீடு தேடும் நெசவாளி அதில் எந்த வரியை மாற்றச் சொல்ல முடியும்?

வழி இல்லாமல் இல்லை. வல்லம் வடகால் சிப்காட் தொழிற்பேட்டையில் 706.50 கோடி ரூபாயில் 18,720 பெண் தொழிலாளர்கள் தங்கும் குடியிருப்பு 2024 ஆகஸ்டில் திறக்கப்பட்டது. கம்பெனிக்கு இடம் கொடுக்கும்போதே தொழிலாளர் குடியிருப்புக்கும் இடம் ஒதுக்கினால், ஊர் வீடுகள் மீதான நெருக்கடி குறையும். அதுபோல, தறிக்கூடத்தோடு சேர்ந்த வாடகை வீடுகளை அரசே கட்டி, கூலிக்குக் கட்டுப்படியாகும் வாடகைக்கு விடவேண்டும். முதல் வேலையாக, வாடகை வீட்டில் தறி போட்டிருக்கும் குடும்பங்கள் எத்தனை என்று கைத்தறித் துறையை வைத்துக் கணக்கெடுக்க உத்தரவிடுங்கள். அதற்குத் தங்கள் கையெழுத்தே போதும்.

இப்படிக்கு,
முசரவாக்கம் நெசவாளர் ஒருவர்