ஷீட் கனமா இருந்தா போதுமா?

மதுரையைச் சுற்றித் தோப்பும் கிணறும் வைத்திருப்பவர்களுக்கு இப்போது ஒரு புது ஆசை வந்திருக்கிறது. முன்பெல்லாம் கோடை விடுமுறைக்கு வரும் பிள்ளைகளுக்குப் பம்புசெட் தொட்டியே நீச்சல்குளம். இப்போது தரைக்கு மேலே வட்டமாகக் கம்பிவலையை நிறுத்தி, உள்ளே நீல ஷீட் விரித்து, தனியாகவே ஒரு தொட்டி கட்டிவிடுகிறார்கள். உண்மையில் இது மீனுக்காக வந்த சாமான். 2020-ல் பிரதம மந்திரி மத்ஸ்ய சம்பதா திட்டம் தொடங்கியபின் தொட்டியில் மீன் வளர்க்கும் பயோஃபிளாக் முறை ஊர் ஊராகப் பரவியது. அதில் சிறிய அலகு என்பதே 4 மீட்டர் விட்டமுள்ள 7 தொட்டிகள். மீன் கட்டுப்படியாகாமல் விட்டவர்களும் தொட்டியை விடவில்லை. ஜிலேபிக் கெண்டை நீந்திய இடத்தில் பேரப்பிள்ளைகள் நீந்துகிறார்கள்.

இந்தத் தொட்டியைப் பற்றி யாரிடம் கேட்டாலும் ஒரே பாட்டுத்தான்: "ஷீட்டு கனமா வாங்குங்கண்ணே, பத்து வருசத்துக்குத் திரும்பிப் பாக்க வேணாம்." கனமும் ஒரு காரணம் என்பதில் எனக்குச் சண்டை இல்லை. திரும்பிப் பார்க்க வேண்டாம் என்கிறார்களே, அதில்தான் சண்டை.

முதலில், எது கனம்? கடையில் தார்ப்பாய் ஷீட்டை 550, 650 ஜி.எஸ்.எம். என்பார்கள். அது சதுர மீட்டருக்கு இத்தனை கிராம் என்ற எடைக் கணக்கு. பண்ணைக்குட்டை ஷீட்டை 500 மைக்ரான் என்பார்கள். அது தடிப்பு. இரண்டையும் பக்கத்தில் வைத்து எது பெரிய எண் என்று பார்ப்பது, படிக்கணக்கையும் கிலோக்கணக்கையும் ஒன்றாக்கி அரிசி விலை பேசுவதற்குச் சமம். சரக்கும் வேறு. தார்ப்பாய் ஷீட்டின் மேல்பூச்சு பி.வி.சி. அது மிருதுவாக இருக்க எண்ணெய் போன்ற ஒரு பொருளைக் கலக்கிறார்கள். வெயில் ஏற ஏற அது கசிந்து போய், ஷீட் அப்பளமாக விறைக்கும். கறுப்பு எச்.டி.பி.இ. ஷீட்டுக்கு அந்த எண்ணெய் தேவையில்லை. அதில் கலந்திருக்கும் கரித்தூளே வெயிலைத் தடுக்கும். ஆனால் அது மடங்காது, மடிப்பில் சண்டித்தனம் செய்யும். வெயிலுக்கான மருந்து கலந்த 550, கலக்காத 650-ஐவிட அதிகம் உழைக்கும். முதலில் சாவது எப்போதும் நீர்மட்டத்துக்கு மேலே தெரியும் அரையடிதான். மதுரை சித்திரை வெயிலுக்கு ஜி.எஸ்.எம். தெரியாது. மேலே பச்சை நிழல்வலை கட்டினால் பாதிப் பிரச்சினை தீரும், பாசியும் குறையும்.

அடுத்து, "கனமான ஷீட் என்றால் தரை எப்படி இருந்தாலும் தாங்கும்" என்கிறார்கள். நானும் நம்பினேன். கள்ளிக்குடிப் பக்கம் எங்கள் தோட்டம் கரிசல். 4 மீட்டர் விட்டத் தொட்டியில் 1.2 மீட்டர் உயரத்துக்குத் தண்ணீர் நின்றால் 15,000 லிட்டர், அதாவது 15 டன். கரிசல் அந்த எடையைச் சும்மா சுமக்காது. ஈரம் பட்ட பக்கம் உப்பும், காய்ந்த பக்கம் வெடிக்கும், தொட்டி ஒரு பக்கம் சாயும். இரண்டாம் மாதமே என் 650 ஷீட் ஒழுகியது. தண்ணீரை இறக்கிப் பார்த்தால், சாய்ந்த பக்கத்தில் வெல்ட்மெஷ்ஷின் வெட்டுமுனை ஒன்று, தையல் ஊசி அளவுதான், ஷீட்டைக் குத்திக்கொண்டு நிற்கிறது. அதன்மேல் டன் கணக்கில் தண்ணீர் அழுத்தும்போது எந்தக் கனம் தாங்கும்? மறுமுறை கரிசலை ஒன்றரை அடி வழித்தெடுத்து, கிராவல் கொட்டி, நனைத்துக் கெட்டிப்படுத்தி, ரசமட்டம் பார்த்தேன். மேலே சலித்த மணல் இரண்டு அங்குலம். வலையின் அடியைச் சுற்றி உட்பக்கம் மணலை ஒரு சாண் சரிவாக ஒதுக்கினேன். இல்லாவிட்டால் அடிவிளிம்பில் ஷீட் வலைக்கு அடியில் பிதுங்கிவிடும். வெட்டுமுனைகளை மடக்கி, வலைக்கும் ஷீட்டுக்கும் நடுவே ஃபோம் சுற்றினேன். மேலூர்ச் செம்மண்ணில் இத்தனை பாடு இல்லை, அங்கே கல்லைப் பொறுக்கினால் போதும்.

"மாசம் ஒருதடவை காலி பண்ணி, கழுவிக் காயப் போடணும்" என்பது அடுத்தது. பாத்திரத்துக்குச் சரி. தண்ணீர் நிற்கும்வரை ஷீட் குளிர்ந்து, தரையோடு ஒட்டிக் கிடக்கும். காலியானால் வெயில் முழுக்க அதன்மேல் விழும், சுருங்கும், ஆடிக்காற்று அடியில் புகுந்து தூக்கும். திரும்பத் தண்ணீர் விடும்போது சுருங்கிய ஷீட் இழுபட்டு, வெல்டு விட்டுப்போகும். கரிசல் கண்மாய் ஒரு கோடை காய்ந்தபின் முதல் தண்ணீரை வெடிப்பெல்லாம் குடித்துவிடுவதைப் பார்த்த சம்சாரிக்கு இது புரியும். குளிக்காத மாதங்களிலும் முக்கால் தொட்டி தண்ணீர் இருக்கட்டும். சிறுபிள்ளைகள் உள்ள இடமென்றால் ஏணியைக் கழற்றி, மேலே வலையை இறுகக் கட்டுங்கள்.

மட்டம் இறங்கினாலே ஓட்டை என்பதும் பதற்றம்தான். கோடையில் நாளுக்கு 7 மில்லிமீட்டர் ஆவியாகிறது என்று வைத்தால், இந்தத் தொட்டியில் அது ஆறு குடம், வாரத்துக்கு இரண்டு அங்குலம். ஒரு வாளியில் தண்ணீர் நிரப்பித் தொட்டிக்குள் படியில் வையுங்கள். வாளிக்குள்ளும் தொட்டியிலும் கோடு போட்டு மறுநாள் பாருங்கள். இரண்டும் ஒரே அளவு இறங்கியிருந்தால் குடித்தது வெயில். தொட்டி மட்டும் அதிகம் இறங்கியிருந்தால் அப்புறம் ஓட்டையைத் தேடலாம். பி.வி.சி. ஒட்டுக்கு அதற்கான பசை உண்டு. கறுப்பு ஷீட்டில் எந்தப் பசையும் நிற்காது, சூடுவைத்தே ஒட்ட வேண்டும்.

பிளீச்சிங் பவுடரை அப்படியே தூவுகிறவர்களும் இருக்கிறார்கள். கரையாத துகள் அடியில் உட்கார்ந்து அந்த இடத்தை வெளுத்து நொறுங்க வைக்கும். வாளியில் கரைத்து, தெளிந்த நீரை மட்டும் ஊற்றுங்கள். ஆசிட்டை மட்டும் அதன் பக்கத்தில் கொண்டுபோகாதீர்கள், விஷவாயு வரும்.

கனமான ஷீட் தந்த தைரியத்தில் மாடியிலேயே தொட்டி வைக்கிற கூத்தும் நகருக்குள் நடக்கிறது. ஆள் நடமாடும் மொட்டைமாடிக்கு நம் ஐ.எஸ். 875 கணக்கில் வைப்பது சதுர மீட்டருக்குச் சுமார் 150 கிலோ. 1.2 மீட்டர் தண்ணீர் 1,200 கிலோ. ஓரடித் தண்ணீரே இரண்டு மடங்கு.

கள்ளிக்குடித் தொட்டியில் இப்போது, அந்த 650-க்குப் பதிலாகப் போட்ட 550 ஷீட் நாலாவது கோடையைப் பார்க்கிறது. ஒரே ஒரு ஒட்டு. அதுவும் பேரன் ஆசையாகக் கூட்டிவந்த நாய் உள்ளே குதித்த அன்று விழுந்தது.