தவறியவர் யார்?

1948 ஜூன், மலையாளத்துக்கும் தமிழுக்கும் பொல்லாத மாதம். 17-ஆம் தேதி திருச்சூரில் சங்ஙம்புழ கிருஷ்ண பிள்ளை இறந்தார். 30-ஆம் தேதி திருவனந்தபுரத்தில் புதுமைப்பித்தன். கவிஞருக்கு வயது 36, கதாசிரியருக்கு 42. இருவரையும் கொண்டுபோனது காசநோய். இவர்களைப் பற்றிப் பேச்சு வந்தால், ‘ஸ்ட்ரெப்டோமைசின் மட்டும் கிடைத்திருந்தால்...’ என்று யாராவது பெருமூச்சு விடுவது வழக்கம்.

கிடைத்திருந்தால்? அதே ஆண்டு அக்டோபரில் பிரிட்டிஷ் மருத்துவ இதழ் ஒன்றில் அந்த மருந்தின் சோதனை முடிவு வெளியாயிற்று. ஊசி போட்டுக்கொண்ட 55 பேரில் ஆறு மாதத்துக்குள் இறந்தவர்கள் 4 பேர். படுக்கையில் ஓய்வு மட்டும் எடுத்த 52 பேரில் 14 பேர். அற்புதம்தான். ஆனால் ஊசி போட்டுக்கொண்ட பலரின் சளியில் அந்த மருந்துக்கு மசியாத கிருமிகள் வளர்ந்திருந்தன. ஐந்தாண்டு கழித்துக் கணக்கெடுத்தபோது இரு தரப்பின் சாவு விகிதத்துக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. கோடிக்கணக்கான கிருமிகளில் பிறவியிலேயே ஒரு மருந்துக்கு அடங்காதவை சில இருக்கும். ஒற்றை மருந்தைக் கொடுத்தால் மற்றவை செத்து, இவற்றுக்கு இடம் காலியாகும். நோயாளியின் தப்பு இதில் எதுவுமில்லை.

இதைச் சொல்லக் காரணம் ஒரு சொல். மொழிபெயர்ப்புக்கு வந்த பழைய சுகாதாரக் கையேடு ஒன்றில், மாத்திரையைப் பாதியில் நிறுத்தியவருக்கு ‘டிஃபால்ட்டர்’ என்று பெயர். வங்கிக் கடனைக் கட்டாதவருக்கும் அதே பெயர்தான். தமிழில் ‘தவறியவர்’ என்று போடலாம், மனம் ஒப்பவில்லை. உலக சுகாதார நிறுவனமே 2013-இல் இந்தச் சொல்லைக் கைவிட்டது. நம் ஊர்களின் பேச்சில் அது இன்னும் உயிரோடு இருக்கிறது: ‘ஒழுங்காக மாத்திரை சாப்பிட்டிருக்க மாட்டான்.’

2014-16-இல் நடந்த தேசிய ஆய்வைப் பாருங்கள். காசநோய் மாத்திரையையே தொட்டறியாத புதிய நோயாளிகளில் 100-க்குக் கிட்டத்தட்ட 3 பேரிடம் ஐசோனியசிட், ரிஃபாம்பிசின் என்ற முக்கியமான இரண்டு மருந்துகளுக்கும் அடங்காத கிருமி இருந்தது. இந்த வகையைத்தான் எம்.டி.ஆர். காசநோய் என்கிறார்கள். இருமிய இன்னொருவரிடமிருந்து காற்றில் வந்தது அது. விழுங்காத மாத்திரையை எப்படிப் பாதியில் நிறுத்துவது?

டாக்டர்கள் பக்கமும் கொஞ்சம் திரும்பலாம். மும்பை தாராவி வட்டாரத்தில் தனியார் டாக்டர்கள் 106 பேரிடம் எம்.டி.ஆர். நோயாளிக்கு மருந்துச் சீட்டு எழுதச் சொன்னது ஸரீர் உட்வாடியா குழு. சரியாக எழுதியவர்கள் 3 பேர். 2010-இல் வெளியான ஆய்வு இது.

கண்டுபிடிப்பதிலும் சிக்கல் உண்டு. நுண்ணோக்கியில் கிருமி தெரியும். அது எந்த மருந்துக்கு அடங்கும் என்பது தெரியாது. முட்டை கலந்த ஊடகத்தில் வளர்த்துப் பார்க்க எட்டு வாரம் வரை ஆகும். அதுவரை பலிக்காத மாத்திரையை விழுங்கிக்கொண்டு வீட்டில் இருமிக்கொண்டிருக்க வேண்டியதுதான். நம் ஆஸ்பத்திரிகளில் சிபிநாட் என்று அழைக்கப்படும் இயந்திரம் வந்தபின் இரண்டு மணி நேரத்தில் விடை கிடைக்கிறது. கோவாவில் தயாராகும் ட்ரூநாட் பேட்டரியிலேயே ஓடும்.

பெரிய முன்னேற்றம், சந்தேகமில்லை. ஆனால் வழக்கமான சிபிநாட் கார்ட்ரிட்ஜ் ரிஃபாம்பிசின் வேலை செய்யுமா என்று மட்டும்தான் பார்க்கும். ஐசோனியசிட் பற்றி வாயைத் திறக்காது. மேலே சொன்ன தேசிய ஆய்வில் ஐசோனியசிடுக்கு அடங்காத கிருமி புதிய நோயாளிகளிலேயே 11 சதவீதத்தினரிடம் இருந்தது. அதைக் கண்டுபிடிக்க லைன் புரோப் அஸ்ஸே என்ற சோதனைக்குச் சளி பெரிய ஆய்வகத்துக்குப் போக வேண்டும். அப்படி ஓர் ஆய்வகம் திருவனந்தபுரத்தில் மாநில காசநோய் மையத்தில் இருக்கிறது. ரிப்போர்ட்டில் ‘ரிஃபாம்பிசின் எதிர்ப்பு இல்லை’ என்று பார்த்ததும் நிம்மதியாக எழுந்துவிடாமல், அடுத்த சோதனை பற்றி டாக்டரிடம் கேளுங்கள். கோபித்துக்கொண்டால் கோபித்துக்கொள்ளட்டும்.

இனி சிகிச்சை. பத்து ஆண்டுகளுக்கு முன்புவரை எம்.டி.ஆர். என்றால் இரண்டு வருடம். அதில் முதல் ஆறு மாதமாவது கானமைசின் ஊசி. அது சிலரின் காதைப் பறித்தது. மும்பைப் பத்திரிகையாளர் நந்திதா வெங்கடேசன் அப்படிச் செவித்திறன் இழந்தவர். தென்னாப்பிரிக்காவின் ஃபுமேசா டிசிலேயும் அப்படியே. இருவரும் சேர்ந்து, ஊசிக்கு மாற்றான பெடாகுயிலின் மாத்திரையின் காப்புரிமையை நீட்டிக்கும் விண்ணப்பத்தை எதிர்த்து 2019-இல் ஆட்சேபம் தாக்கல் செய்தார்கள். 2023 மார்ச்சில் ஜான்சன் அண்ட் ஜான்சனின் விண்ணப்பத்தை இந்தியக் காப்புரிமை அலுவலகம் நிராகரித்தது. காது ‘கொய்ங்’ என்று இரைய ஆரம்பித்ததும் பயந்து ஊசியை நிறுத்தியவர்கள் எத்தனை பேரோ. அவர்களும் அட்டையில் ‘டிஃபால்ட்டர்’தான்.

பெடாகுயிலினோடு ப்ரிடோமானிட், லினிசோலிட், மாக்ஸிஃப்ளாக்சசின் சேர்ந்த நான்கு மருந்துத் திட்டத்துக்கு 2024 செப்டம்பரில் மத்திய அரசு அனுமதி தந்தது. ஆறு மாதம் போதும், ஊசி கிடையாது. சும்மா வருவதில்லை இது: லினிசோலிட் கால் விரல்களை மரத்துப்போகச் செய்யலாம், ரத்தத்தைக் குறைக்கலாம், பெடாகுயிலின் இதயத் துடிப்பில் கை வைக்கலாம், அவ்வப்போது ஈ.சி.ஜி. வேண்டும். அதோடு பெடாகுயிலின் உடம்பை விட்டுப் போக மாதக்கணக்கில் ஆகும். நடுவில் எல்லா மாத்திரையையும் நிறுத்தினால் மற்றவை வெளியேறி இது மட்டும் மெல்லிய அளவில் தங்கும். 1948-இன் ஒற்றை மருந்துக் கதை மறுபடி. இந்த மருந்துக்கு அடங்காத கிருமிகளும் ஏற்கெனவே தலைகாட்டிவிட்டன.

மலையாளத்தில் இந்த நோய் க்ஷயம், தேய்வு. கேரள அரசு தன் ஒழிப்புத் திட்டத்துக்கு ‘அக்ஷய கேரளம்’ என்று பெயர் வைத்தது. நோயின் பெயருக்கு முன்னால் ஓர் ‘அ’ போட்டுத் தேயாத கேரளம் ஆக்கிய அந்தக் குமாஸ்தா யாரோ, நல்ல மொழிபெயர்ப்பாளர். ஆனால் பெயர் நன்றாக இருந்தால் போதாது, அலமாரியில் மாத்திரை இருக்க வேண்டும். 2024 மார்ச்சில் சாதாரணக் காசநோய் மருந்துகளே தட்டுப்பட்டன. மூன்று மாதத்துக்கு உள்ளூரிலேயே வாங்கிச் சமாளிக்கும்படி மாநிலங்களுக்கு மத்திய அரசு எழுதியது. அதுவும் முடியாத இடத்தில் நோயாளிகளே கடையில் வாங்கிக்கொள்ளட்டும், பணத்தைப் பிறகு திருப்பித் தரலாம் என்றது. அன்றைய கூலியில் அன்றைய அரிசி வாங்குகிறவரிடம்.